நம்ம ஊர்ல அடுத்து என்னன்னு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது? – ஸ்ரீவில்லிபுத்தூர்

06.07.2025 – கேள்வி (பெங்களூருல இருந்து ஒரு அக்கா)

பொறந்து வளந்தது மாடவீதி. கல்யாணம் ஆனதுல இருந்து வெளியூர். ஊர்ல எது நடந்தாலும் முடிஞ்சு மூணாம் நாள் போட்டோவாத்தான் எனக்கு வந்து சேருது. பங்குனியில வந்தப்ப பஸ்ஸ விட்டு எறங்கி ஆட்டோ கேட்டா, "பூக்குழிம்மா, ரோடு அடைச்சிருக்கு, நடந்துதான் போகணும்"ங்கறாரு. கையில ரெண்டு பெட்டி, இடுப்புல ஒரு பிள்ளை. ஏம்மா சொல்லலேன்னு அம்மாகிட்ட கேட்டா, "அதான் ஊருக்கே தெரியுமே"ங்கறாங்க. சின்ன ஊர்ல செய்தின்னு ஒண்ணு கிடையாது, நடந்து முடிஞ்ச சங்கதி மட்டுந்தான் உண்டு. இல்லேன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

06.07.2025, ராத்திரி

இல்லேன்னு நான் சொல்றேன். நான் ஒரு அச்சகத்துல டிடிபி போடறவன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் தேரடிக்குப் போறதுக்கு முன்னாடி என் திரையத் தாண்டித்தான் போகணும். செய்திக்குப் பஞ்சமே இல்ல. ஒவ்வொரு நோட்டீசையும் ஆயிரம் அடிக்கறோம்.

அதுல என்ன இருக்குங்கறதுதான் விஷயம். பேர் இருக்கும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, "மற்றும் விழாக் கமிட்டியார்". நேரம் கேட்டா "மாலை"ன்னு இருக்கும். இடம் கேட்டா "வழக்கம்போல்"னு இருக்கும்.

07.07.2025

"சும்மா அடிச்சு விடாதீங்க"ன்னு வத்திராயிருப்பு தம்பி சொன்னதுக்காக, போன வாரம் நடந்ததச் சொல்றேன். ஒரு தெருக் கோயில் பொங்கல் நோட்டீஸ். பொருளாளர் பெரியவர் ப்ரூஃப் பாக்க வந்தாரு. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, தாள மூக்குப் பக்கத்துல வச்சு, பேர் ஒவ்வொண்ணா பேனாவால குத்திக்கிட்டே வர்றாரு. வரி தந்தவங்க யாரும் விட்டுப் போயிடக் கூடாதுல்ல. ஒருத்தர் பேருக்கு முன்னாடி "திரு" விட்டுப் போச்சு, சேத்தோம். இன்னொருத்தர் பேர் அண்ணனுக்குக் கீழ வந்துருச்சு, அண்ணந்தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாதாம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். இப்ப எடம் பத்தல. என்னத்தத் தூக்கலாம்னு கேட்டேன். அரை நிமிஷங்கூட யோசிக்கல. "கரகம் எத்தன மணிக்கு எடுப்பாங்கங்கறது நம்மாளுகளுக்குத் தெரியும்லய்யா, அதத் தூக்கிரு"ன்னுட்டாரு.

அக்காவோட அம்மா சொன்னதும் இதுதான். ஊருக்கே தெரியும்கறது எழுதாம விடறதுக்கு ஒரு காரணமாயிருச்சு.

07.07.2025, கொஞ்ச நேரம் கழிச்சு

பெரியவர் மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. வரி குடுத்தவன் தன் பேர நோட்டீஸ்ல பாத்தாத்தான் அடுத்த வருஷம் குடுப்பான். அந்தத் தாள் ஒரு வகையில ரசீது. அழைப்பிதழ்னு நாமதான் நினைச்சுக்கறோம்.

09.07.2025

"பேப்பர் பாருங்களேன்"னு ஒருத்தர். பாக்கலாம். மாவட்டப் பக்கத்துல "இன்றைய நிகழ்ச்சிகள்"னு பொடி எழுத்துல ஒரு பத்தி வரும். அன்னிக்குக் காலையில அன்னிக்குள்ளதப் பாத்து பெங்களூருல இருக்கறவங்க என்ன பண்ண? கரண்ட் நிறுத்தற அறிவிப்புதான் ஒழுங்கா முந்துன நாளே வருது. தேதி, காலை 9லிருந்து மாலை 5, எந்தெந்தத் தெரு, எந்தெந்தக் கிராமம், எல்லாம் இருக்கும். தலைமை யாரு, முன்னிலை யாருன்னு ஒரு பேர் கிடையாது. நான் பாத்ததுலயே சிறந்த நோட்டீஸ் அதுதான்.

11.07.2025

நாளைக்கு, 12ஆம் தேதி சனிக்கிழமை, டிஎன்பிஎஸ்சி குரூப் 4. ராஜபாளையம், சிவகாசி போற பிள்ளைங்க காலையில சீக்கிரம் கெளம்புங்க, பஸ்ஸுல தொங்க எடம் இருக்காது. பரீட்சை காலையிலதான். ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுக்க ராத்திரி பத்து மணிக்கு எங்க கடை ஷட்டரத் தட்டாதீங்க. தட்டுனா எடுத்துக் குடுப்பேன், அது வேற விஷயம்.

13.07.2025

மம்சாபுரம் அண்ணாச்சி நல்ல கேள்வி ஒண்ணு கேட்டிருக்காரு: "அப்ப நூலகத்துப் பலகை?"

பென்னிங்டன் நூலகம் 1875ல தொடங்குனது. தமிழ்நாட்டுல இவ்வளவு வயசுள்ள பொது நூலகத்த விரல் விட்டு எண்ணிரலாம். வெள்ளைக்காரக் கலெக்டர் பேர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஊர்ல யாரும் அதப் பேராவே நினைக்கல, "பென்னிங்டன்ல இருக்கேன்"னா அது ஒரு எடம், அவ்வளவுதான். எங்க அப்பா காலத்துல காலையில பேப்பர் படிக்கற மேசையில எடம் பிடிக்கணும்னா சீக்கிரம் போகணுமாம். ஒரு பேப்பர நாலாப் பிரிச்சு நாலு பேர் படிப்பாங்க. படிச்சு முடிச்சவர் அடுத்தவர்கிட்ட தாளோட சேத்து, "நாளைக்கு நம்ம தெருவுல ஒரு விசேஷம்"னு தனக்குத் தெரிஞ்சதையும் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாராம். அச்சுல வராத செய்தி அந்த மேசையில கை மாறியிருக்கு.

இப்ப அந்த வேலைய வாட்ஸ்அப் பாக்குது. என் ஃபோன்ல ஊர் பேர்ல மட்டும் ஒரு கூடை குரூப் கெடக்கு. அதுல காலை வணக்கத்துக்கு நடுவுல எது எங்க புதைஞ்சிருக்குன்னு தேடி எடுக்கறதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிரும்.

13.07.2025

அண்ணாச்சி மறுபடி: "மேசையில பேசுனது ஆம்பளைங்க மட்டுந்தானே?" சரிதான். அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல. எங்க அம்மாவுக்கு ஊர்ச் செய்தி வந்த எடம் பூக்கடை. இன்னிக்கு முழம் ஏன் வெலை ஏறிப் போச்சுன்னு கேட்டாலே நாளைக்கு எந்தத் தெருவுல என்ன விசேஷம்னு தெரிஞ்சு போகும்.

16.07.2025

நேத்துல இருந்து அரசாங்கம் மனு வாங்கற "உங்களுடன் ஸ்டாலின்" முகாம் ஆரம்பம். எந்த வார்டுக்கு எந்த நாள்னு கேட்டு பத்துப் பேர் எழுதியிருக்கீங்க. வீட்டுக்கே வந்து விண்ணப்பமும் கையேடும் குடுக்கறாங்க, அதுல உங்க வார்டுக்கான நாளும் எடமும் இருக்கும். வரலேன்னா கவுன்சிலரக் கேளுங்க. ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ரெண்டு ரெண்டு செட் வச்சுக்கோங்க. மகளிர் உரிமைத் தொகைக்கு அங்கயே எழுதிக் குடுக்கலாம்கறதுதான் கூட்டத்துக்குக் காரணம்.

நம்ம பேச்சுக்கு இது ஒத்து வர்ற விஷயம்: அரசாங்க நோட்டீஸ்லயும் படமும் பேரும் பெருசு, நாளும் எடமும் சின்னது. பொருளாளர் பெரியவர மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய.

18.07.2025

சரி, ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் திருவிழா. எல்லாரும் கேக்கறதுனால ஒரே எடத்துல எழுதிப் போடறேன். யாராவது அடுத்த கேள்வி கேட்டா இதக் காட்டுங்க.

கொடியேத்தம் ஜூலை 20, ஞாயிறு. அஞ்சாம் திருநாள் ஐந்து கருட சேவை, 24, வியாழன், ராத்திரி. ஏழாம் திருநாள் சயன சேவை, 26, சனி, கிருஷ்ணன் கோயில்ல, ராத்திரி. தேர் ஒன்பதாம் திருநாள், 28, திங்கள், காலையில. மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை.

நோட்டீஸ் பாஷையில சொல்லணும்னா, நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆடி மாதம் 12ஆம் நாள். இப்ப திருப்தியா?

18.07.2025

"28ன்னு எப்படிச் சொல்றீங்க, எங்க காலண்டர்ல ஆடிப்பூரம் 27ன்னு ஒரு சொந்தக்காரர் சொல்றாரு"ன்னு அக்கா. நட்சத்திரம் எந்த நாள்ல எத்தன நாழிகை இருக்குங்கறதப் பொறுத்து வெளியூர்ல, வீட்டுல, வேற கோயில்ல மாறலாம். நம்ம ஊர் தேருக்குக் கொடியேத்தம்தான் கணக்கு. கொடி ஏறுன நாள ஒண்ணுன்னு வச்சு ஒம்பது எண்ணுங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சொந்தக்காரர் சொன்னத விட்டுட்டு விரல் விட்டு எண்ணுங்க.

டிக்கெட்னதும் ஞாபகம் வருது. சென்னையில இருக்கறவங்க பொதிகை, கொல்லம் எக்ஸ்பிரஸ் ரெண்டையும் மட்டும் பாத்துட்டு சீட் இல்லேன்னு உக்காந்துடறீங்க. தாம்பரத்துல இருந்து சிலம்பு எக்ஸ்பிரஸும் நம்ம ஊர் வழிதான், காரைக்குடி, மானாமதுரை சுத்தி வரும், தினமும் கிடையாது. அதுவும் இல்லேன்னா மதுரை வரைக்கும் எதுல வேணாலும் வாங்க. அங்கிருந்து ராஜபாளையம், தென்காசி பஸ் எல்லாம் நம்ம ஊர் வழியாத்தான்.

19.07.2025

உள்ளூர் விடுமுறை பத்தி ஒரு குழப்பம். அன்னிக்கு பேங்க் உண்டு. கலெக்டர் அறிவிப்பு முழுசாப் படிச்சா கடைசியில ஒரு வரி வரும்: செலாவணி முறிச் சட்டம் 1881ன் கீழ் இந்த விடுமுறை வராது. வருஷா வருஷம் அந்த வரி வருது, வருஷா வருஷம் பேங்க் லீவுன்னு வீட்டுல இருந்துட்டவங்க திட்டறாங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவு, அதுக்கு ஈடா ஒரு சனிக்கிழமை வேலை நாள் வரும்னு பிள்ளைங்களுக்கு இப்பவே சொல்லி வைங்க.

20.07.2025

கொடி ஏறியாச்சு. ஒண்ணு.

22.07.2025

நாளன்னிக்கு வியாழன் வெளியூர்ல இருந்து வர்றவங்க கவனிக்க. ஆடி அமாவாசையும் ஐந்து கருட சேவையும் ஒரே நாள்ல விழுது. சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போற கூட்டம் வத்திராயிருப்பு, தாணிப்பாறைன்னு ஒரு பக்கம், ராத்திரி கருட சேவைக்கு வர்ற கூட்டம் இன்னொரு பக்கம், ரெண்டும் நம்ம பஸ் ஸ்டாண்டுல கை குலுக்கும். மலைக்குப் போறவங்க பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீங்க, அடிவாரத்துல வாங்கி வச்சுருவாங்க. 2021ல புலிகள் காப்பகம் ஆனதுல இருந்து கெடுபிடி கூடுதல். மழை இருந்தா ஓடையத் தாண்ட விட மாட்டாங்க. சண்டை போட வேண்டாம். 2015ல அங்க திடீர்னு வெள்ளம் வந்து உயிர் போனது நம்ம ஊர்க்காரங்களுக்கு மறந்திருக்காது.

"ரெண்டையும் ஒரே நாள்ல பாக்க முடியுமா?"ன்னு ஒரு இளவட்டம். விடிகாலையில மலையேறி மத்தியானம் எறங்கி, சாயங்காலம் காலப் பிடிச்சு விட்டுட்டு ராத்திரி கருட சேவைக்கு வரலாம். இருபது வயசுல நானும் செஞ்சதுதான். இப்பச் செய்யச் சொன்னா மாட்டேன்.

23.07.2025

இன்னிக்கு தேரடியில பாத்தது. ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு, ஒரு பெரியம்மா எறந்த செய்தியச் சொல்லிக்கிட்டு மெதுவா வருது. எதிர்த்தாப்புல இன்னொரு ஆட்டோ, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. ரெண்டும் நேருக்கு நேர் மாட்டிக்கிச்சு, நடுவுல ஒரு மாடு. "அன்னாரது இறுதி ஊர்வலம்" "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்"னு அஞ்சு நிமிஷம். தள்ளுபடிக்காரர் கடைசியில வெட்கப்பட்டு மைக்க அணைச்சாரு. அடக்கம் எத்தன மணிக்குன்னு அப்பத்தான் எங்க எல்லாருக்கும் காதுல விழுந்துச்சு.

25.07.2025

கருட சேவை எப்படி இருந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு. பெரியபெருமாள், ரெங்கமன்னார், காட்டழகர் கோயில் சுந்தரராஜர், நம்ம ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசர், திருத்தங்கல் அப்பன்னு அஞ்சு கருடன், அன்ன வாகனத்துல ஆண்டாள், அவளுக்குத் துணையா பெரியாழ்வார். சாமி பாக்கறத விட எனக்குப் பிடிச்சது வாகனம் தூக்கறவங்களோட தோள் மாத்தற எடம். ஒருத்தர் தோளக் கழட்டறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் தோள் உள்ள வந்திருக்கணும், தண்டு ஒரு விரக்கடை கூட எறங்கக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்றதில்ல, கண்ணக் கூடப் பாக்கறதில்ல, மூச்சு வாங்கற சத்தத்த வச்சுத்தான் மாத்தறாங்கன்னு எனக்குத் தோணும். திருத்தங்கல்ல இருந்து வந்தவங்க அவங்க வாகனத்தோட போனாங்க, எனக்கு வீட்டுக்கு வர மணி என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, காலையில முதலாளி கேட்டுட்டாரு.

25.07.2025

"வாகன வர்ணனை எல்லாம் சரி, இது அறிவிப்புப் பலகையா, டைரியா?"ன்னு வத்திராயிருப்பு தம்பி. ரெண்டுந்தான். பிடிக்கலேன்னா மேல 18ஆம் தேதி எழுதுனத மட்டும் படிச்சிட்டுப் போப்பா.

26.07.2025

இன்னிக்கு ராத்திரி சயன சேவை. ஆண்டாள் மடியில ரெங்கமன்னார் சாஞ்சு படுத்திருக்கற கோலம். எடம் பெரிய கோயில் கிடையாது, கிருஷ்ணன் கோயில். இத நான் ஏன் ரெண்டாந்தடவை எழுதறேன்னா, காலையில இருந்து மூணு பேர் ஃபோன் பண்ணி, மதுரை ரோட்டுல இருக்கற கிருஷ்ணன்கோவில் ஊருக்கு பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டாச்சு. ஊருக்குள்ள இருக்கற கோயில்யா. அங்க போயி எறங்குனீங்கன்னா பஸ் ஸ்டாப்தான் இருக்கும்.

27.07.2025

நாளைக்கு தேருக்கு வர்றவங்களுக்கு மட்டும். கார கீழரத வீதி வரைக்கும் கொண்டு வந்துரலாம்னு நினைக்காதீங்க, ஊருக்கு வெளியிலயே நிறுத்திருவாங்க. தண்ணியும் மோரும் தெருவுக்குத் தெரு பந்தல்ல கிடைக்கும். வெறுங்கால்ல வடம் பிடிக்கறவங்க தார் ரோடு சூடாகறதுக்கு முன்னாடி வந்துருங்க. சின்னப் பிள்ளைங்க சட்டப் பையில ஃபோன் நம்பர எழுதிப் போடுங்க. வடத்துக்கு உள்பக்கம் நிக்கவே நிக்காதீங்க, போட்டோவுக்காகக்கூட.

பால்கோவா கேட்டவங்களுக்கு: தேர் அன்னிக்கு எந்தக் கடையிலயும் நின்னு பேச முடியாது. முந்துன நாளோ மறுநாளோ காலையில பத்து பதினொரு மணிக்கு மேல போனீங்கன்னா வாணலியில இருந்து எறக்குனது சூடாக் கிடைக்கும். பாலும் சீனியும் தவிர வேற எதுவும் கிடையாது, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதே அதுக்குத்தான்னு நான் சொல்வேன். வெரல்ல எடுத்து அமுக்குனா மணல் மணலா இருக்கணும், அதே நேரம் வழுக்கணும். மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா வேற கடை பாருங்க. ஊருக்குள்ள எந்தக் கடைன்னு என்னைக் கேக்காதீங்க, எல்லாரும் எங்ககிட்டதான் பொட்டி அச்சடிக்கறாங்க.

28.07.2025, மத்தியானம்

தேர் நிலைக்கு வந்துருச்சு. மத்தத ராத்திரி எழுதறேன்.

28.07.2025, ராத்திரி

மர உருளை இருந்த காலத்துல தேர் நிலை சேர நாள் கணக்கா ஆகும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அப்ப தேர் எந்தத் தெருவுல நிக்குதுங்கறதே ஊருக்குச் செய்தி. "தேர் எங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி கட்டுவாங்களாம். இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்த பெறகு ஒரே வேளையில முடிஞ்சிருது. நல்லதுதான். ஆனா தடி போடற ஆளுங்க வேலை போகல. தேர் மூலை திரும்பறப்ப சக்கரத்துக்கு முன்னாடி சறுக்குக்கட்டையத் தள்ளிட்டு கைய இழுத்துக்கணும். இன்னிக்கு மேலரத வீதி முக்குல என் கண்ணு முன்னாடி ஒருத்தர் கட்டைய வச்சாரு. சக்கரம் ஏறுச்சு, "க்ரீச்"னு ஒரு சத்தம், கட்டையில இருந்து பொக கெளம்பி எரிஞ்ச மரவாசம். அவரு கட்டைய உருவிட்டு அடுத்த பக்கம் ஓடிட்டாரு. வடம் பிடிச்ச ஆயிரக்கணக்கான பேர்ல அவரத் திரும்பிப் பாத்தவங்க பத்துப் பேர் இருக்காது. நாங்க அச்சடிச்ச எந்த நோட்டீஸ்லயும் அவரு பேர் கிடையாது.

29.07.2025

அக்கா எழுதியிருக்காங்க: "வந்தேன், பாத்தேன், ஞாயித்துக்கிழமை காலையில பால்கோவா வாங்கிட்டேன், அம்மா என்னைவிட எனக்கு ஊர் தெரியுதுன்னு கோவப்படறாங்க."

கோவப்படட்டும்.

03.08.2025

ஆடிப்பெருக்கு. நம்ம ஊர்ல ஆறு கிடையாது, எங்க தொழிலுக்கு மட்டும் இன்னிக்குப் பெரிய நாள். சிவகாசியில அடுத்த வருஷத்து தினசரி காலண்டர் ஆல்பம் ஆடி 18க்குத்தான் வெளிய விடுவாங்க. 2026ல நீங்க கிழிக்கப் போற தாள இன்னிக்கே எடை போட்டுப் பாத்து ஆர்டர் குடுத்துக்கிட்டு இருக்காங்க. நாடு முழுக்க ராகு காலம், எமகண்டம், கோயில் திருவிழா எல்லாம் நமக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்துல அச்சாகுது. நம்ம தெருவுல கரகம் எத்தன மணிக்குன்னு மட்டும் அச்சுல இல்ல.

இதச் சொன்னதும் மம்சாபுரம் அண்ணாச்சி ஒரு யோசனை குடுத்தாரு: கமிட்டிக்காரங்ககிட்ட சண்டை போடாம, அச்சகமே நோட்டீசுக்கு மேல ஒரு கட்டம் போட்டு, தேதி, கிழமை, நேரம், எடம், ஃபோன்னு அஞ்சு வரி காலியா விட்டு வச்சா? காலியாக் கெடந்தா ப்ரூஃப் பாக்கறவருக்கே கண்ணுல உறுத்தும்ல. முதலாளிகிட்ட கேட்டேன். "பேர் எடம் குறையுமேடா"ன்னாரு. பேருக்குப் பின்பக்கம் தர்றோம்னு சொல்லிப் பாருங்கன்னேன். ரெண்டு பக்கம் அடிச்சா காசு கூடுதல், அதக் கேட்டதும் அவருக்கு முகம் தெளிஞ்சிருச்சு.

10.08.2025

கட்டம் போட்ட முதல் நோட்டீஸ் வெளிய போயிருச்சு. பிறந்தநாள் விழா, அரசியல். நேரம்ங்கற எடத்துல "மாலை"ன்னு எழுதித்தான் குடுத்தாங்க. எத்தன மணின்னு கேட்டேன். "அண்ணன் வந்ததும்"னாங்க. அப்படியே அடிச்சேன்: நேரம்: அண்ணன் வந்ததும். இதுவரைக்கும் யாரும் கோவப்படல.

12.08.2025

ரெண்டாவது நோட்டீஸ், ஒரு ரத்ததான முகாம். கல்லூரிப் பிள்ளைங்க. கட்டத்துல அஞ்சும் நிரப்பி, கீழ அவங்களாவே ஆறாவதா ஒண்ணு எழுதியிருந்தாங்க: "சாப்பிட்டுவிட்டு வரவும்". இதுக்கு மேல என்ன வேணும்.

13.08.2025

வெள்ளிக்கிழமை 15ஆம் தேதி. சுதந்திர தினம், சுத்துப்பட்டுக் கிராமங்கள்ல கிராம சபை, அதோட ஆடி கடைசி வெள்ளி, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் விசேஷம். சாத்தூர்ப் பக்கம் பஸ் கெடைக்கறது கஷ்டம். பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டோரமா வரும், ராத்திரி பைக்ல போறவங்க பாத்துப் போங்க.

"கிராம சபைக்கு யாரு வருவா, எல்லாரும் இருக்கன்குடி போயிருவாங்களே"ன்னு வன்னியம்பட்டிப் பக்கம் இருந்து ஒரு அக்கா. இதுல எனக்கு ரெண்டு மனசா இருக்கு. ஆள் கம்மியா இருந்தா தீர்மானம் சுலபமா நிறைவேறும், அது நல்லதில்ல. அதே நேரம் ஆள் கம்மியா இருந்தா நீங்க பேசறது காதுல விழும். குடிதண்ணி பத்திக் கேக்கணும்னா போங்க, எழுதிக் கொண்டு போங்க, தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. மாரியம்மா அடுத்த நாளும் அங்கதான் இருப்பா.

நகராட்சிக்காரங்க நமக்குக் கிராம சபை கிடையாது. நமக்கு உள்ளது ஏரியா சபை. அது எந்த நாள்னு தெரிஞ்சவங்க இங்க எழுதுங்க, கட்டம் போட்டு ஒட்டறேன்.

16.08.2025

வன்னியம்பட்டி அக்கா போயிட்டு வந்து எழுதியிருக்காங்க. பாதிப் பேர் இருக்கன்குடி, மீதிப் பேர்ல பாதி நூறு நாள் வேலைக்காரங்க. தண்ணித் தொட்டி கழுவற தேதிய பஞ்சாயத்துச் செவுத்துல எழுதி வைக்கணும்னு இவங்க கேட்டாங்களாம், ஏத்துக்கிட்டாங்களாம். எழுதுனா போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா.

30.08.2025

தொட்டி கழுவுன தேதி போட்டோ வந்துருச்சு. சிவப்புப் பெயிண்ட், தேதி மேல, அடுத்து கழுவற தேதி கீழ. தலைமை, முன்னிலை இல்ல.

12.09.2025

புரட்டாசி 17ஆம் தேதி பொறக்குது. சனிக்கிழமை நாலு: செப்டம்பர் 20, 27, அக்டோபர் 4, 11. திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் மலைக்கு விடிகாலையில இருந்தே கூட்டம் இருக்கும், படி ஏற முடியாத பெரியவங்கள ரெண்டாவது மூணாவது வாரம் கூட்டிட்டு வராதீங்க.

சென்னையில இருந்து ஒரு தம்பி திருவண்ணாமலைன்னு கூகுள்ல பாத்துட்டு, கிளாம்பாக்கத்துல இருந்து நேர் பஸ் இருக்கே, பொதிகை எதுக்குன்னு கேக்கறாரு. தம்பி, அது அண்ணாமலையாரு. இது பெருமாளு. நம்ம ஊர்ல இருந்து டவுன் பஸ்ல போற தூரம். அந்த பஸ்ல ஏறுனீங்கன்னா கிரிவலம் முடிச்சிட்டு எனக்கும் சேத்து விபூதி வாங்கிட்டு வாங்க.

திருப்பதி பிரம்மோற்சவ கருட சேவை செப்டம்பர் 28. அதுக்கு ஆண்டாள் சூடிக் களைஞ்ச மாலை நம்ம ஊர்ல இருந்து போகும். மாலை கெளம்பற நாளும் நேரமும் கோயில்ல சொன்னதும் இங்க போடறேன். "மாலை, மாலையில் புறப்படும்"னு மட்டும் யாராவது நோட்டீஸ் எழுதிக் கொண்டு வந்தீங்கன்னா அச்சடிக்க மாட்டேன்.